அந்தமானில் தேனிலவும் முதல் ஸ்கூபா டைவிங்கும்: நாள் குறிப்பது முதல் ஊர் திரும்புவது வரை

தேனிலவுக்கு அந்தமான் செல்லும் தம்பதியர் பலர், விமானச் சீட்டு, கப்பல் சீட்டு, விடுதி ஆகிய எல்லாவற்றையும் முடிவுசெய்த பிறகு, மிச்சமிருக்கும் ஏதோ ஒரு காலைப்பொழுதில், முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவிங்கைச் சேர்த்துவிடுகிறார்கள். அப்படி மிச்சமிருப்பது பெரும்பாலும் தீவுக்கு வந்து இறங்கிய மறுநாளாகவோ ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளாகவோதான் இருக்கும். முதல் டைவிங்குக்கு இவ்விரண்டு நாட்களுமே பொருந்தாதவை. கடலுக்குள் இறங்கும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் பயணத்தை அமைப்பதே சரியான முறை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

காரணங்கள் மூன்று. கல்யாண வேலைகளில் நாட்கணக்காகத் தூக்கம் கெட்ட உடம்புக்கும், மண்டபத்தின் ஏசிக் காற்றிலும் ஹோமப் புகையிலும் அடைபட்ட மூக்குக்கும் சில நாள் ஓய்வு தேவை. கடலும் காற்றும் நாம் குறித்த நாளுக்குக் கட்டுப்படாதவை என்பதால், ஒரு நாள் தள்ளிப்போனால் மறுநாள் இறங்குவதற்கு இடம் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் மிக முக்கியம்: டைவிங் முடிந்து குறிப்பிட்ட நேரம் கழியாமல் விமானம் ஏறக் கூடாது.

எந்த மாதம்?

நம் முகூர்த்த மாதங்களையும் அந்தமான் கடலின் பருவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தை, மாசி, பங்குனியில் திருமணம் செய்துகொள்பவர்களுக்கு வேலை எளிது. ஜனவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருக்கும். தண்ணீரின் வெப்பநிலை ஏறக்குறைய 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருப்பதால், உடலோடு ஒட்டிய டைவிங் உடையான வெட்சூட் மெல்லியதாக இருந்தாலே போதும்.

ஐப்பசி, கார்த்திகைத் திருமணங்களுக்குப் பிறகும் செல்லலாம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் உருவாகும் காலம் என்பதால், தீவுகளுக்கு இடையிலான கப்பல்கள் ஓரிரு நாள் நின்றுபோகும் வாய்ப்பைக் கணக்கில் கொண்டு, ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். புதுத் தம்பதியர் அமைதியைத் தேடிச் செல்வதற்கு உரிய வாரம் அதுவன்று.

வைகாசி, ஆவணித் திருமணங்களுக்குத்தான் உண்மையான சிக்கல். தென்மேற்குப் பருவமழை, கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாதப் பிற்பாதியில் அந்தமானை அடைந்துவிடும். அதன் பிறகு செப்டம்பர் வரை மழையும் அலையும் மாறி மாறி வருவதால், தண்ணீருக்கடியில் தெளிவு குறையும். டைவிங் எந்த நாளிலும் ரத்தாகலாம். இந்த மாதங்களில் மணமுடிப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. தலைதீபாவளியை ஊரில் கொண்டாடிவிட்டுத் தை மாதத்தில் நிதானமாக அந்தமான் செல்வது ஒன்று. இலங்கையின் கிழக்குக் கரைக்குச் செல்வது மற்றொன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவைச் சுற்றிய பவளப்பாறைகளில் ஸ்நார்கெலிங்கும் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் அணிந்து நீர்ப்பரப்பில் மிதந்தபடி கீழே பார்ப்பது) டைவிங்கும் நடக்கும் பருவம் அதுவே.

சீட்டு, பெயர், கப்பல்

சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஆகும். 2024 செப்டம்பரில் அந்நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் என்றும் நீல் தீவு ஷஹீத் த்வீப் என்றும் ஆயின. பேச்சில் பழைய பெயர்களே புழங்குவதால், முன்பதிவுத் தளங்களில் எந்தப் பெயரைக் கண்டாலும் குழம்ப வேண்டாம். இந்தியக் குடிமக்கள் இந்தத் தீவுகளுக்குச் செல்லத் தனி அனுமதி பெற வேண்டியதில்லை. அரசு அடையாள அட்டை போதும்.

இந்த அடையாள அட்டையில்தான் புதுத் தம்பதியர் இடறுகிறார்கள். மணமகளின் ஆதார் அட்டையில் தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக இருக்கும். ஆசையாகக் கணவர் பெயரைச் சேர்த்துச் சீட்டு எடுத்துவிடுவார்கள். விமானத்துக்கும் கப்பலுக்கும் அட்டையில் இருக்கும் பெயரிலேயே, எழுத்து மாறாமல், சீட்டு எடுங்கள். பெயர் மாற்றத்தை ஊர் திரும்பிய பின் பார்த்துக்கொள்ளலாம்.

டைவிங்குக்கு ஏற்ற தளம் ஹேவ்லாக். அங்கு விமான நிலையம் இல்லை. போர்ட் பிளேயரிலிருந்து கப்பலில்தான் செல்ல வேண்டும். தனியார் அதிவேகக் கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரமும், அரசுக் கப்பலில் அதைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகவும் ஆகும். அரசுக் கப்பலின் கட்டணம் குறைவு, ஆனால் சீட்டு கிடைப்பது கடினம். பருவ காலத்தில் விமானச் சீட்டு உறுதியானவுடனே கப்பல் சீட்டையும் எடுத்துவிடுவது நல்லது. அதிவேகக் கப்பல்கள் பெரும்பாலும் மூடிய குளிரூட்டப்பட்ட அறைகளாக இருப்பதால், அலையடிக்கும் நாளில் வயிற்றைப் புரட்டும். பேருந்தில் மலையேறும்போது வாந்தி எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்டு மாத்திரையைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். அந்த மாத்திரைகளில் சில தூக்கத்தை உண்டாக்கும் என்பதால், டைவிங் நாளில் அவற்றைப் போட்டுக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தும் நம் கடிகார நேரத்தையே பின்பற்றுவதால், குளிர்காலத்தில் மாலை ஐந்து, ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். விடியலும் அதற்கேற்ப முன்னதாகவே வரும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனத்தைப் பார்க்க விரும்புவோர் நான்கு மணிக்கே அங்கு இருக்க வேண்டும். டைவிங்கும் அதிகாலையிலேயே தொடங்கும்.

நாட்களை அடுக்கும் முறை

ஏழு நாள் பயணம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் போர்ட் பிளேயரில் இறங்கி, மாலையில் செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டு உறங்குங்கள். இரண்டாம் நாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக் சேர்ந்து, அன்று எந்த நிகழ்ச்சியும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் நாள் ராதாநகர் கடற்கரை. முழங்கால் அளவுத் தண்ணீரில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு முகத்தை அமிழ்த்திப் பழகுவதற்கும் அந்த நாளே ஏற்றது. நான்காம் நாள் காலை டைவிங். ஐந்தாம் நாளின் காலையைக் காலியாக விடுங்கள். நான்காம் நாள் கடல் இடம் கொடுக்காவிட்டால் அன்று இறங்கலாம், கொடுத்திருந்தால் அது இருவருக்கும் கிடைத்த ஓய்வு. அன்று பிற்பகல் நீல் தீவுக்குச் சென்று, ஆறாம் நாள் பரத்பூர், லக்ஷ்மண்பூர் கரைகளைப் பார்த்துவிட்டு மாலைக்குள் போர்ட் பிளேயர் திரும்பிவிட்டால், ஏழாம் நாள் பகல் விமானத்தை எந்தப் பதற்றமும் இல்லாமல் பிடிக்கலாம். நீல் தீவிலிருந்து நேரே விமான நிலையம் செல்லும்படி கடைசி நாளை அமைப்பது ஆபத்தானது. ஒரு கப்பல் தாமதமானால் எல்லாம் சரிந்துவிடும்.

ஐந்து நாட்கள்தான் விடுப்பு என்றால், நீல் தீவை விட்டுவிடுங்கள். டைவிங்குக்கும் விமானத்துக்கும் இடையிலான நேரத்தில் கைவைக்காதீர்கள்.

எந்த வகை டைவிங்?

சான்றிதழ் இல்லாதவர்களுக்கு இருப்பது அறிமுக டைவிங். டைவிங் பயிற்சியும் சான்றிதழும் தரும் பாடி (PADI) நிறுவனம் இதற்கு டிஸ்கவர் ஸ்கூபா டைவிங் என்று பெயர் வைத்திருக்கிறது. பயிற்றுநர் அருகிலேயே இருக்க, அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம் வரை செல்லலாம் என்பது விதி. முதல்முறை இறங்குபவர்கள் அவ்வளவு ஆழம் போக வேண்டிய தேவையே இல்லை. ஹேவ்லாக்கில் அறிமுக டைவிங் நடக்கும் நீமோ ரீஃப் பகுதியில், அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே பவளமும் மீனும் நிறைந்திருக்கின்றன. கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கும் இடம் என்பது அதன் பெரிய நன்மை. படகிலிருந்து குதிப்பதைவிட, கால் தரையில் ஊன்றியிருக்கும்போதே மூச்சுப் பழகி, அங்குலம் அங்குலமாக ஆழத்துக்குப் போவது பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு மிகவும் உதவும்.

மற்றொரு வழி, ஓபன் வாட்டர் என்னும் சான்றிதழ்ப் படிப்பு. மூன்று, நான்கு நாட்கள் ஆகும்; முடித்தால் 18 மீட்டர் வரை உலகில் எங்கும் துணையோடு இறங்கலாம். அதற்கு 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். தேனிலவில் இந்தப் படிப்பைச் சேர்ப்பதை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. காலை முதல் மாலை வரை பயிற்சி, இரவில் பாடம் என்று நாட்கள் கழிந்துவிடும். ஒருவர் மட்டும் படித்தால் மற்றவர் அறையில் தனித்திருப்பார். இருவருக்குமே நெடுநாள் ஆசை இருந்து, பாடப்பகுதியை இணையவழியில் ஊரிலேயே முடித்துவிட்டு, பயணத்தையும் சில நாட்கள் நீட்ட முடிந்தால் மட்டுமே அதைத் தேர்ந்தெடுங்கள்.

அறிமுக டைவிங்குக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனாலும் திருமணத்துக்கு ஓரிரு மாதங்கள் முன்பே ஊரில் ஒரு நீச்சல்குளத்தில் மிதக்கவும், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடவும் பழகியவர்களுக்கும், தண்ணீரையே தொடாதவர்களுக்கும் கடலில் தெரியும் வேறுபாடு மிகப் பெரியது. முன்னவர் மீனைப் பார்ப்பார். பின்னவரின் கவனமெல்லாம் தன் மூச்சிலேயே இருக்கும்.

டைவிங் நிலையத்திடம் கேட்க வேண்டியவை

விலையை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு பயிற்றுநர் ஒரே நேரத்தில் எத்தனை பேரை அழைத்துச் செல்கிறார் என்பதுதான் முதல் கேள்வி. ஆளுக்கு ஒருவர் என்று பதில் வந்தால் நல்லது. பயிற்றுநர் எந்த அமைப்பின் சான்றிதழ் பெற்றவர், ஆழம் குறைந்த இடத்தில் பயிற்சி எவ்வளவு நேரம், இறங்குவதற்கு முன் மருத்துவப் படிவம் உண்டா, முதலுதவிக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களா, கடல் சரியில்லாமல் ரத்தானால் பணம் திரும்புமா, மறுநாளுக்கு மாற்றித் தருவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மருத்துவப் படிவத்தை, "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க சார்" என்று சொல்லி நீட்டும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விளக்கம் எந்த மொழியில் நடக்கும் என்பதும் முக்கியம். ஹேவ்லாக்கில் வங்காளமும் இந்தியும் அதிகம் ஒலிக்கும். தமிழ் தெரிந்த பயிற்றுநர் இருந்தால் அவரையே கேட்டுப் பெறுங்கள். இல்லையென்றால், புரியாத இடத்தில் தலையாட்டாமல் மீண்டும் கேளுங்கள். கரையில் புரியாதது கடலுக்கடியில் புரியப்போவதில்லை.

பயணக் காப்பீடு எடுக்கும்போது, டைவிங் அதில் அடங்குமா, எந்த ஆழம் வரை அடங்கும் என்பதைப் படித்துப் பாருங்கள். சாதாரணக் காப்பீடுகள் பல அதை விலக்கி வைத்திருக்கும்.

யார் இறங்கக் கூடாது?

ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நுரையீரல் பாதிப்பு, காது அறுவைச் சிகிச்சை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் ஆகியவற்றில் எது இருந்தாலும், பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் எழுத்து வடிவில் சான்று பெற வேண்டும். அங்கு போய்ப் படிவத்தில் உண்மையை எழுதி, இறங்க முடியாமல் ஏமாறுவதும் வேண்டாம்; பொய்யை எழுதி இறங்குவது அதனினும் வேண்டாம்.

கருவுற்ற பெண்கள் ஸ்கூபா டைவிங் செய்யவே கூடாது. கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலும் அப்படியே. திருமணம் முடிந்த சில நாட்களில் செல்லும் பயணத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது. ஆனால் ஆவணியில் மணமுடித்துத் தையில் தேனிலவு செல்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போயிருந்தால் பரிசோதித்துப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். கரு இருந்தால் கணவர் மட்டும் இறங்கட்டும், அல்லது இருவரும் மகிழ்ச்சியாகக் கரையில் இருங்கள். மாதவிடாய் நாட்களில் டைவிங்குக்கு மருத்துவத் தடை ஏதும் இல்லை. உடல்நிலை இடம் கொடுத்தால் இறங்கலாம்.

சளி பிடித்திருந்தால் இறங்க வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரையோ சொட்டு மருந்தோ போட்டுக்கொண்டு இறங்குபவர்களும் உண்டு; அதன் வேலை தண்ணீருக்கடியில் தீர்ந்துபோனால், மேலே வரும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொண்டு கடுமையான வலியை உண்டாக்கும். முந்தைய இரவு மது வேண்டாம். காலையில் இட்லி, பழம் போன்று எளிதில் செரிப்பதாக ஏதேனும் சாப்பிடுங்கள்; வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கும் கூடாது.

தாலி, மெட்டி, மருதாணி

நம் வீட்டுப் பெண்கள் பலர் கேட்கத் தயங்கும் கேள்வி தாலியைப் பற்றியது. வெட்சூட் கழுத்து வரை மூடிக்கொள்ளும் என்பதால், மஞ்சள் கயிற்றை முழுவதும் உள்ளே விட்டுக்கொண்டால் எந்த இடையூறும் இல்லை. வெளியே தொங்கினால்தான், தோளில் மாட்டும் காற்றுச் சட்டையின் வார்களில் சிக்கும். தாலி பிரித்துக் கோர்க்கும் சடங்கு முடியாத புதுப்பெண்கள் இப்படியே இறங்கலாம். கயிற்றின் மஞ்சள் ஈரத்தில் இறங்கி உடையில் பிடிக்கும் என்பதால், வெளிர்நிற நீச்சலுடையைத் தவிருங்கள். சங்கிலியில் கோர்த்திருப்பவர்கள், வீட்டுப் பெரியவர்களுக்கு உடன்பாடு இருந்தால், அதை ஊரிலேயே பத்திரமாக வைத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றோடு பயணம் செய்வது எல்லா வகையிலும் நிம்மதி. இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். கடற்கரையில் நின்றுகொண்டு அலைபேசியில் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல இது.

மெட்டி கால் துடுப்புக்குள் அழுத்தி விரலைப் புண்ணாக்கக்கூடும். மேல்புறம் புடைத்த வேலைப்பாடு இல்லாத மெலிந்த மெட்டியானால் தொல்லையில்லை. கண்ணாடி வளையல்களைக் கழற்றிவிட வேண்டும். நிச்சயதார்த்த மோதிரத்தையும் கணவன் மனைவி இருவருமே அறையில் விட்டுச் செல்லுங்கள். தண்ணீரில் ஊறிய விரலிலிருந்து மோதிரம் நழுவுவதை உணரவே முடியாது. கூந்தலை இறுக்கமாகப் பின்னிக்கொள்ளுங்கள்; நெற்றியில் விழும் முடி மாஸ்க்கின் ஓரத்தில் புகுந்தால் தண்ணீர் கசியும். ஆண்களின் மீசைக்கும் இதே விதிதான். மூக்குக்குக் கீழே, மாஸ்க்கின் விளிம்பு படியும் இடத்தில் முடியைக் குறைத்துக்கொண்டால் கசிவு குறையும். கண்ணாடி அணிபவர்கள் பவர் உள்ள மாஸ்க் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

மணப்பெண்ணின் கையில் செக்கச்செவேலென்று இருக்கும் மருதாணி, நான்கைந்து மீட்டர் ஆழத்துக்குப் போனதும் மங்கிப் பழுப்பாகத் தெரியும். ஒளியில் உள்ள சிவப்பைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுவதே காரணம். பயிற்றுநர் டார்ச் ஒளியைப் பாய்ச்சினால், அதே கையில் சிவப்பு சட்டென்று திரும்பி வரும். பவளங்களுக்கும் இது பொருந்தும். தண்ணீருக்கடியில் எடுக்கும் படங்கள் நீலம் பாய்ந்து தெரிவதும் இதனால்தான். ஆகவே படத்துக்கென்று சிவப்பு உடை வாங்கிச் செல்ல வேண்டியதில்லை.

தண்ணீருக்குள்: காதும் மூச்சும்

முதல்முறை இறங்குபவர்கள் மூச்சைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் தொல்லை தருவது காது. கடல்மட்டத்தில் இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரு மடங்காகிவிடும். இந்த மாற்றத்தைச் செவிப்பறை முதல் இரண்டு, மூன்று மீட்டரிலேயே உணரத் தொடங்கும். விமானம் தரையிறங்கும்போது காது அடைக்கிறதே, அதே நிகழ்வுதான் இது, இன்னும் வேகமாக. மூக்கை இரு விரலால் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கு வழியாக மெல்ல ஊதினால், தொண்டையிலிருந்து நடுக்காதுக்குச் செல்லும் குழாய் திறந்து, காது "டப்" என்று விடுபடும். இதை வலி வந்த பிறகு செய்யக் கூடாது. வலி வருவதற்கு முன்பே, அரை மீட்டருக்கு ஒருமுறை செய்துகொண்டே இறங்க வேண்டும். விடுபடவில்லை என்றால் ஊதும் விசையைக் கூட்டாதீர்கள். காதைச் சுட்டிக்காட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து இருபுறமும் ஆட்டினால், காதில் சிக்கல் என்று பொருள். பயிற்றுநர் உங்களைச் சற்று மேலே கொண்டுவருவார். மேலே வந்து மீண்டும் முயன்றால் பெரும்பாலும் விடுபடும். விடுபடாவிட்டால் அன்றைய டைவிங் அவ்வளவுதான். செவிப்பறை கிழிந்தால் தேனிலவு முழுவதும் மருத்துவமனையில் கழியும்.

ஊரிலேயே இதைத் தினமும் சில முறை, மென்மையாகச் செய்து பழகுங்கள். சென்னையிலிருந்து செல்லும் விமானம் தரையிறங்கும்போது இருவரும் செய்துபாருங்கள். யாருக்கு எளிதில் விடுபடுகிறது, யாருக்குத் தாமதமாகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மூச்சில் விதி ஒன்றே ஒன்றுதான்: ஒருபோதும் அடக்கக் கூடாது. அழுத்தம் குறைய நுரையீரலில் உள்ள காற்று விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருபவரின் நுரையீரல், ஆழம் குறைந்த தண்ணீரிலும் கிழிந்துவிடலாம். வாய் வழியாக மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். முதுகில் இருக்கும் சிலிண்டரைப் பலர் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள். அதில் இருப்பது நாம் கரையில் சுவாசிக்கும் அதே காற்று, சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால், மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கு வழியாக ஊதினால், தண்ணீர் கீழ்ப்புறமாக வெளியேறிவிடும். இதை இடுப்பளவுத் தண்ணீரில் அச்சம் தெளியும் வரை செய்துபார்க்காமல் ஆழத்துக்குச் செல்லச் சம்மதிக்காதீர்கள்.

சைகைகளில் ஒன்று நம்மவர்களைத் தவறாமல் குழப்புகிறது. "நன்றாக இருக்கிறேன்" என்பதற்குச் சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். நாம் பழக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறோம். தண்ணீருக்கடியில் அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்டி, பயிற்றுநர் மேலே கொண்டுவந்துவிட, டைவிங் பாதியில் முடிந்துபோனவர்கள் உண்டு.

கணவனும் மனைவியும் உள்ளே கைகோர்த்தபடியே நீந்தலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். இருவரின் காதும் ஒரே வேகத்தில் விடுபடாது. ஒருவர் முன்னே போகவும் மற்றவர் பின்தங்கவும் நேரும். கீழே சேர்ந்தபின் படம் எடுக்கும் இடத்தில் அருகருகே கொண்டுவருவார்கள். அதுவரை துணையைத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல், உங்கள் மூச்சைப் பாருங்கள்.

ஒருவருக்கு விருப்பமில்லை என்றால்

இதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். புதிதாக மணமான நாட்களில், துணையின் ஆசையைக் கெடுக்கக் கூடாது என்று எண்ணி, தண்ணீரைக் கண்டாலே நடுங்குபவர்கள்கூடச் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் மனைவிதான் அப்படிச் சொல்கிறார். பயத்தை வெளியே காட்டிக்கொள்ளாத கணவர்களும் குறைவில்லை. கட்டாயத்தின் பேரில் இறங்குபவருக்கு, கீழே ஏதாவது ஒரு சிறு சங்கடம் வந்தவுடன் பதற்றம் பற்றிக்கொள்ளும். பதற்றத்தில் மேலே பாய்வதுதான் டைவிங்கில் மிகப் பெரிய ஆபத்து. எனவே முன்பதிவுக்கு முன்பே இருவரும் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இடுப்பளவுத் தண்ணீரில் பயிற்சி முடிந்த நிலையில்கூட, யார் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்பதில்லை, பிறகு குத்திக்காட்டுவதும் இல்லை. கட்டணம் வீணானால் ஆகட்டும்.

இறங்காதவருக்கும் அந்தக் கடலில் பார்க்க நிறைய உண்டு. ஹேவ்லாக்கின் எலிஃபண்ட் கடற்கரையில் மிதவை வளையத்தைப் பிடித்தபடி ஸ்நார்கெலிங் செய்தாலே பவளத்தையும் வண்ண மீன்களையும் பார்த்துவிடலாம். கண்ணாடி அடித்தளப் படகும் நீல் தீவில் உண்டு.

பவளமும் முதலையும்

அந்தமான் பவளங்கள் 2010-இலும் 2016-இலும் கடல் வெப்பம் உயர்ந்ததால் வெளிறிப் பெரும் சேதம் அடைந்தவை. மீண்டு வருபவற்றை நம் கால் துடுப்பு உடைத்துவிடக் கூடாது. பவளத்தின் மீது நிற்காதீர்கள்; எதையும் தொடாதீர்கள். பூப்போலத் தோன்றும் கடல் உயிரியான கடல் சாமந்திக்குள் ஒளிந்து எட்டிப்பார்க்கும் கோமாளி மீனைத் தொடக் கை நீட்டத் தோன்றும். அந்தச் சாமந்தியின் இழைகள் கொட்டும் தன்மையுடையவை. பவளத் துண்டையோ சிப்பியையோ நினைவுப்பொருளாக எடுத்துவருவது, கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும், சட்டச் சிக்கலில் கொண்டுவிடும். பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. வெயிலுக்குக் களிம்பை அள்ளிப் பூசுவதைவிட, முழுக்கை நீச்சல் சட்டை அணிவது தோலுக்கும் கடலுக்கும் நல்லது.

இந்தத் தீவுகளில் உவர்நீர் முதலைகள் உள்ளன. 2010-இல் ஹேவ்லாக்கிலேயே ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி உயிரிழந்தார். இதனால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அலையாத்திக் காடுகளும் ஓடைகளும் கடலில் கலக்கும் இடங்களில் இறங்காமலும், இருட்டிய பின் நீந்தாமலும், எச்சரிக்கைப் பலகைகளை மதித்தும் நடந்துகொண்டால் போதும். மாலையில் கரையில் அமர்பவர்களை மணற்பூச்சிகள் கடிக்கும். அரிப்புக்கு ஒரு களிம்பைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே வந்த பிறகு

ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைட்ரஜன் கூடுதலாக உடலில் கரைகிறது. அது வெளியேற நேரம் வேண்டும். பறக்கும் விமானத்தின் உள்ளே அழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு என்பதால், அவசரப்பட்டு ஏறினால் அந்த நைட்ரஜன் குமிழ்களாக மாறி டிகம்ப்ரெஷன் நோயை உண்டாக்கக்கூடும். ஒரே ஒரு டைவிங் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், ஒன்றுக்கு மேற்பட்டவை என்றால் குறைந்தது 18 மணி நேரமும் கழிய வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வழிகாட்டல். நான் எப்போதும் 24 மணி நேரம் என்றே சொல்வேன். கணக்குப் போட வேண்டிய தேவையே இருக்காது.

கரையேறியதும் நிறையத் தண்ணீரோ இளநீரோ குடித்து, நிழலில் ஓய்வெடுங்கள். காதில் லேசான அடைப்பு ஓரிரு நாளில் சரியாகிவிடும். வலி, சீழ், இரத்தம், தலைச்சுற்றல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூட்டு வலி, கை கால் மரத்துப்போதல், தோலில் தடிப்பு, மிகுந்த களைப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், கப்பல் பயண அலுப்பு என்று ஒதுக்கிவிடாமல், உடனே டைவிங் நிலையத்துக்குத் தெரிவித்து மருத்துவ உதவி பெறுங்கள். டிகம்ப்ரெஷன் நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் அழுத்த அறை போர்ட் பிளேயரில் உள்ள கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. ஊர் திரும்பிய மறுநாள் இந்த அறிகுறிகள் தோன்றினால், பார்க்கும் மருத்துவரிடம் எந்த நாளில், எத்தனை மீட்டர் ஆழத்தில், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்; அந்த மூன்று விவரங்களையும் டைவிங் முடிந்தவுடனே பயிற்றுநரிடம் கேட்டு அலைபேசியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.